சமாதானத்தைச் சட்ட வகுப்பில் எங்கே வைப்பது?

கணவர் காணாமற்போன ஒரு பெண், தன் சீதனக் காணியின் ஒரு துண்டை விற்க வேண்டிய நிலைக்கு வருகிறார். மகளின் படிப்புச் செலவாக இருக்கலாம்; பாதியில் நிற்கும் வீடாக இருக்கலாம். உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போகிறார். அங்கே எழும் முதல் கேள்வி, கணவரின் சம்மதம் எங்கே என்பது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் ஒருவர் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது, யாழ்ப்பாணத்தவரின் திருமண உரிமைகளையும் மரபுரிமையையும் பற்றிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் கடைசியாகக் காணப்பட்ட ஒருவரிடம் கையெழுத்து வாங்குவது எப்படி?

விடை அதே கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் இருக்கிறது. கணவர் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி வழங்கலாம். 1911இல் இதை எழுதியவர்கள் இப்படி ஒரு போரை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் வழி திறந்திருக்கிறது. இதை அறிந்த சட்டத்தரணியின் கையில் காரியம் ஒரு விண்ணப்பத்தோடு தொடங்கிவிடும். அறியாதவர், முதலில் மரணச் சான்றிதழ் எடுத்துவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பெண் இத்தனை ஆண்டுகளாக வாங்க மறுத்து நிற்பது அந்த ஒரு தாளைத்தான்.

போர் முடிந்த நாட்டில் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது என்ற கேள்வியை இங்கிருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறோம். ஒப்பீட்டுச் சட்டத்தையும் போருக்குப் பிந்திய சமாதானப் பணியையும் பாடத்திட்டத்தில் ஆழமாகச் சேர்க்க வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கும் பாடங்களையே மாணவர்கள் தாங்க முடியாதபோது இன்னொன்று எதற்கு என்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் நாட்டின் நன்மையை எண்ணியே பேசுகிறார்கள். ஆகவே இரண்டையும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

நீதிமன்றங்களில் நெடுங்காலம் பணியாற்றிய மூத்த சட்டத்தரணிகளின் கவலை நியாயமானது. புதிதாகச் சத்தியப்பிரமாணம் எடுத்து வரும் இளையவர் ஒருவருக்கு வழக்குரை ஒன்றைப் பிழையின்றி வரையத் தெரியவில்லை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் எந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பிப்பது என்று தடுமாறுகிறார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது எந்தக் கேள்வியோடு நிறுத்துவது என்று தெரியவில்லை. இந்த நிலையில் கொலம்பியாவையும் தென்னாபிரிக்காவையும் கற்பித்து என்ன பயன் என்று அவர்கள் கேட்கிறார்கள். பெற்றோரும் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள். பிள்ளை படித்து முடித்து உழைக்க வேண்டும். சமாதானம் படித்தவருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

இன்னொரு தயக்கம் தெற்கில் வலுவாக இருக்கிறது. வெளிநாட்டு முன்மாதிரிகள் என்றாலே ஜெனீவாவிலிருந்து வரும் அழுத்தம் என்ற எண்ணம் அங்கே பலருக்கு உண்டு. களத்தில் நின்ற சிப்பாயின் குடும்பம், பல்கலைக்கழக வகுப்பறை தன் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் இடமாகிவிடுமோ என்று அஞ்சுகிறது. அந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அதே குடும்பங்களில் ஆயிரக்கணக்கானவை, களத்திலிருந்து திரும்பாத தங்கள் பிள்ளைகளைத் தேடி ஆணைக்குழுக்களின் முன் விண்ணப்பித்திருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வடக்கின் தாயும் தெற்கின் தாயும் ஒரே வகைப் படிவத்தை நிரப்பியிருக்கிறார்கள்.

நம்மைக் கூடுதலாக யோசிக்க வைத்த எதிர்ப்பு, பாதிக்கப்பட்ட குடும்பங்களிடமிருந்து வருவது. கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழுவின் முன் அவர்கள் சாட்சியம் சொன்னார்கள். பிறகு காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன் சொன்னார்கள். 2017 ஜனவரியில் அறிக்கை தந்த, நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணியிடமும் சொன்னார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிறகு அது மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. பதிலை அறியாமலே கண்மூடியவர்கள் பலர். இப்போது கையில் குறிப்பேட்டோடு மாணவர்களும் வரப்போகிறார்களா என்று அவர்கள் கேட்டால், அதில் தவறு காண முடியாது. ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்துக்காட்டாக இருப்பதற்காக அவர்கள் வீதியோரத்தில் உட்காரவில்லை.

இத்தனை நியாயங்களையும் ஏற்றுக்கொண்ட பின்னும், இந்தப் பயிற்சி வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. அதைத் தனிப் பாடமாக, நான்காம் ஆண்டின் கடைசியில், விரும்பியவர் மட்டும் எடுத்துக்கொள்ளும் ஒன்றாக வைப்பதில்தான் நமக்கு உடன்பாடில்லை. சொத்துச் சட்டம், குடும்பச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றும் எப்படியும் எல்லாரும் படிக்கும் பாடங்கள். சமாதானம் அந்த மூன்றுக்குள்ளேயே இருக்க வேண்டும். அப்படி வைத்தால் மூத்த சட்டத்தரணி கேட்கும் தொழில்திறனும், குடும்பங்கள் கேட்கும் பயனும் ஒரே வகுப்பில் கிடைக்கும்.

சொத்துச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். மற்றவர் ஒருவரின் காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டால் அதில் உரிமை கோரலாம் என்ற விதி 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. அமைதிக் காலத்தில் இது நல்ல விதி. கிடப்பில் கிடக்கும் நிலத்துக்கு ஒரு முடிவைத் தருகிறது. ஆனால் உரிமையாளர் ஷெல் வீச்சுக்குப் பயந்து ஓடியவராக இருந்தால்? தமிழ்நாட்டு முகாமொன்றில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவராக இருந்தால்? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் பிள்ளைகளை வளர்த்த முஸ்லிம் குடும்பமாக இருந்தால்? தடையின்றி ஆண்டதாகச் சொல்லப்படும் அந்தப் பத்து ஆண்டுகளில், வந்து தடுக்க அவருக்கு வழியே இருக்கவில்லை.

இதற்காகத்தான் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தில் போர்ச் சூழல் காரணமாகத் தன் உரிமையைக் காக்க முடியாமற்போனவருக்கு எதிராக அந்த ஆண்டுகளைக் கணக்கிட வேண்டாம் என்றது. அந்தப் பாதுகாப்பைப் பெறவும் ஒரு காலவரையறை இருந்தது. எத்தனை கிராமங்களில், எத்தனை பேருக்கு இது உரிய நேரத்தில் தெரிந்தது? சட்டம் இயற்றியவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். அதைப் பிரதேச செயலக வாசல்வரை கொண்டுபோகும் கைகள் போதவில்லை. மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. அந்தக் காணியில் இப்போது குடியிருப்பவரும் வேறொரு ஊரிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஏழையாக இருக்கலாம். இரண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு இடையே நியாயம் செய்வது எப்படி என்பதை ஒரு மாணவர் சொத்துச் சட்ட வகுப்பில் படிக்காவிட்டால், பிறகு வழக்கில்தான் படிப்பார். அந்தப் படிப்புக்கு விலை கொடுப்பது கட்சிக்காரர்.

ஒப்பீட்டுச் சட்டத்தின் பயனும் இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரிகிறது. மரணச் சான்றிதழ் விவகாரத்துக்கே திரும்புவோம். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், போர்க் காலத்தில் ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. நிர்வாகத்தின் கண்ணில் அது ஒரு நிவாரணம். வங்கிக் கணக்கையும் காணியையும் உதவித்தொகையையும் விடுவித்துத் தந்தது. தாய்மாரின் கண்ணிலோ, பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லாமலே அவன் இறந்ததாக ஒப்புக்கொள்ளச் சொல்லும் தாள் அது. பலர் வாங்க மறுத்தார்கள். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, இறந்ததாகச் சொல்லாமல் காணக்கிடைக்காமையை மட்டும் பதிவுசெய்யும் சான்றிதழ் அறிமுகமானது.

இந்த முடிச்சு ஆர்ஜென்டீனாவிலும் விழுந்திருந்தது. 1976 முதல் 1983 வரையான இராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள், மரணத்தை அறிவிக்கும் பத்திரங்களை இதே காரணத்துக்காக நிராகரித்தன. 1994இல் அந்த நாட்டின் நாடாளுமன்றம், வலிந்து காணாமலாக்கப்பட்டதால் நேர்ந்த இல்லாமை என்ற புதிய சட்ட நிலையை உருவாக்கியது. சொத்து, திருமணம், பிள்ளைகள் தொடர்பான காரியங்கள் நடக்கும். ஆனால் யாரும் இறந்ததாக எழுத வேண்டியதில்லை. நம் 2010ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டபோது இந்த ஏற்பாடு பதினாறு வயதை எட்டியிருந்தது. அதை யாராவது படித்து எடுத்துச் சொல்லியிருந்தால், ஆறு ஆண்டுகளின் மனவேதனையில் ஒரு பகுதியையாவது தவிர்த்திருக்கலாம். அடுத்த முறை எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் இன்றைய வகுப்புகளில் இருக்கிறார்கள்.

ஆனால் ஒப்பீடு என்பது பிற நாட்டு ஏற்பாடுகளைப் பாராட்டுவது அல்ல. பாராட்டப்படும் ஒவ்வொரு முன்மாதிரிக்கும் ஒரு மறுபக்கம் இருக்கிறது. அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தென்னாபிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, முழு உண்மையையும் சொல்பவருக்கு மன்னிப்பு என்ற நிபந்தனையில் இயங்கியது. கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தினர் உட்படப் பலர் அதை எதிர்த்து வழக்காடினார்கள். 1996இல் அரசமைப்பு நீதிமன்றம் மன்னிப்பு ஏற்பாடு செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பைப் படிக்கும் மாணவர், நீதிபதிகள் எவ்வளவு வேதனையோடு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதைக் காண்பார். அதோடு நிறுத்திவிடக் கூடாது. மன்னிப்புக் கேட்டு வந்த விண்ணப்பங்கள் 7,000க்கும் மேல், பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. மன்னிப்புப் பெறாதவர்கள் மீது வழக்குத் தொடர வேண்டும் என்பதே உடன்பாட்டின் மறுபாதி. ஆணைக்குழு ஒப்படைத்த சுமார் 300 விடயங்களில் மிகச் சிலவே நீதிமன்றத்தை எட்டின. அவை ஏன் முடங்கின என்று விசாரிக்க 2025இல் ஒரு புதிய விசாரணைக் குழுவை நியமிக்க வேண்டி வந்தது.

கொலம்பியாவில் 2016 சமாதான ஒப்பந்தம் மக்கள் வாக்கெடுப்பில் மயிரிழையில் தோற்று, பிறகு திருத்தப்பட்டு நாடாளுமன்றம் வழியாக நிறைவேறியது. அதன்படி அமைந்த விசேட நீதிமன்றத்தில் கெரில்லாத் தலைவர்களும் இராணுவ அதிகாரிகளும் ஒரே சட்டத்தின் கீழ் நிற்கிறார்கள். இராணுவம் அப்பாவிகளைக் கொன்று போராளிகள் என்று கணக்குக் காட்டிய நிகழ்வுகளில் பலியானவர்கள் 6,402 பேர் என்று அந்த நீதிமன்றம் கண்டது. உண்மையை ஒப்புக்கொள்பவருக்குச் சிறைக்குப் பதிலாக, பாதிக்கப்பட்ட சமூகத்துக்குப் பணி செய்யும் தண்டனை. முதல் தீர்ப்புகள் 2025 செப்டம்பரில்தான் வந்தன. ஒன்பது ஆண்டுகள் அதிகம் என்பவர்களும், தண்டனை போதாது என்பவர்களும் அங்கே உண்டு. இனப்படுகொலைக் குற்றங்களை விசாரித்த ருவண்டாவின் கச்சாச்சா ஊர்மன்றங்கள் பத்தாண்டுகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை முடித்தன. சட்டத்தரணிகளுக்கு அங்கே இடமிருக்கவில்லை, வென்ற தரப்பின் குற்றங்களும் விசாரிக்கப்படவில்லை.

நமக்கு நேரடியாகப் பொருந்தும் ஒப்பீடு வட அயர்லாந்திலிருந்து வருகிறது. காணாமலாக்கப்பட்டோரின் உடல்களைத் தேட 1999இல் அங்கே ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. புதைத்த இடத்தைச் சொல்பவரின் தகவலை அவருக்கு எதிராகக் குற்றவியல் வழக்கில் பயன்படுத்த முடியாது. தண்டனை கிடைக்காது என்பது குடும்பங்களுக்குக் கசப்பான விலைதான். ஆனால் தேடப்பட்டவர்களில் பெரும்பாலோரின் எச்சங்கள் கிடைத்தன. நம் காணாமற்போனோர் அலுவலகத்தை அமைத்த 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமும், அதன் கண்டறிதல்கள் தாமாகக் குற்றப் பொறுப்பையோ குடியியல் பொறுப்பையோ உருவாக்கா என்கிறது. சட்ட வாசகங்கள் ஓரளவு பக்கத்தில் நிற்க, விளைவுகள் ஏன் இவ்வளவு தூரம் விலகின? அங்கே ஆயுதம் ஏந்திய அமைப்பே தகவல் தர முன்வந்தது ஒரு காரணம். தேடப்பட்டவர்களின் எண்ணிக்கை இருபதைக்கூடத் தாண்டவில்லை என்பது இன்னொன்று. இங்கே ஆயிரக்கணக்கில். இப்படிக் கேட்டுப் பழகிய மாணவர், எந்த நாட்டின் சட்டத்தையும் அப்படியே இறக்குமதி செய்யுங்கள் என்று சொல்ல மாட்டார். தெற்கின் தயக்கத்துக்கும் இதுவே நேர்மையான பதில் என்று நினைக்கிறோம்.

வெளியிலிருந்து வருவதைக் கண்டு இவ்வளவு கூச வேண்டியதும் இல்லை. இலங்கையின் சட்டமே பல ஊர்களின் சேர்க்கை. உரோமன்-டச்சுச் சட்டம் அடித்தளம். ஆங்கிலச் சட்டம் அதன்மேல். கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம், தேசவழமை பக்கத்தில். தேசவழமைத் தொகுப்பே ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதி, தமிழில் பெயர்த்துப் பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்து 1707இல் நிலைபெற்றதுதான். சட்ட அறிஞர்களான தம்பையா நடராஜாவும் எச். டபிள்யூ. தம்பையாவும் இந்தப் பன்மையைத் துருவி ஆராய்ந்தவர்கள். சி. ஜி. வீரமந்திரி ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தபோது, 1997இல் ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான அணை வழக்கில் தன் தனிக் கருத்துரையில் நம் பழைய குளங்களின் நீர்ப்பாசன மரபை எடுத்துவைத்தார். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து கட்டிய அறிவு மரபு இது.

சாட்சியச் சட்ட வகுப்புக்கு வருவோம். செம்மணியை அடுத்த சித்துப்பாத்தி மயானத்தில் 2025 பெப்ரவரியில் கட்டட வேலைக்கு மண் தோண்டியபோது எலும்புகள் தெரிந்தன. யாழ்ப்பாண நீதவானின் கட்டளையின் கீழ் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றோடு ஒரு நீலநிறப் பாடசாலைப் பை, பொம்மை, வளையல்கள், செருப்புகள். அடையாளம் காணச் சொல்லி அந்தப் பொருள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அந்தப் பை நாளை ஒரு நீதிமன்றத்தில் சான்றாக வேண்டுமானால், மண்ணிலிருந்து எடுத்த கணம் முதல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்த உறையில் இடப்பட்டது, யார் முத்திரையிட்டார் என்ற பதிவு ஓர் இடத்திலும் அறுந்துபோகக் கூடாது. இதைக் கண்காணிக்க நீதவான், சட்ட வைத்திய அதிகாரி, தொல்லியலாளர் மட்டும் போதாது. குடும்பங்களின் சார்பில் நிற்கும் சட்டத்தரணிக்கும் அகழ்வுச் சதுரங்களின் வரைபடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

மன்னார் சதொச வளாகத்தின் அனுபவம் நமக்கு நினைவிருக்கும். 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் கரிமக் காலக்கணிப்பு, அவை பல நூற்றாண்டுகள் பழையவை என்று 2019இல் சொன்னது. குடும்பங்கள் அதை ஐயுற்றன. ஆய்வறிக்கையே இறுதி என்று ஒரு தரப்பும், அறிக்கையே சதி என்று இன்னொரு தரப்பும் பேசின. மாதிரிகள் எப்படித் தெரிவுசெய்யப்பட்டன, கூடவே கிடைத்த மற்றப் பொருள்கள் என்ன சொல்கின்றன, இரண்டாம் பரிசோதனைக்குச் சட்டத்தில் என்ன வழி என்று அமைதியாகக் கேட்கக்கூடிய இளம் சட்டத்தரணிகள் இருபது பேர் அன்று மன்னாரில் இருந்திருந்தால், முடிவு எதுவானாலும் மக்களுக்கு அதில் நம்பிக்கை கூடியிருக்கும்.

மாணவர்களால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு மீண்டும் ஆர்ஜென்டீனாவைத்தான் காட்டத் தோன்றுகிறது. 1984இல் அமெரிக்கத் தடயவியல் மானுடவியலாளர் கிளைட் ஸ்னோ புவனஸ் அயர்ஸ் வந்தபோது, பெயர்பெற்ற நிபுணர்கள் பலர் அந்த வேலைக்குத் தயங்கினார்கள். மானுடவியலும் தொல்லியலும் மருத்துவமும் படித்துக்கொண்டிருந்த இளையவர்கள் சிலர் முன்வந்தார்கள். பயமும் இருந்தது, அனுபவமும் இல்லை. அவர்கள் அமைத்த ஆர்ஜென்டீனத் தடயவியல் மானுடவியல் குழு பின்னர் எல் சல்வடோரின் எல் மொசோட்டே உட்படப் பல நாடுகளின் புதைகுழிகளில் பணியாற்றியது. அவர்களின் அறிக்கைகள் நீதிமன்றங்களில் நின்றன. ஆசிரியரின் கண்காணிப்பில், உண்மையான வேலையில், ஆண்டுக்கணக்கில் பழகியதால் வந்த திறமை அது.

தெற்கின் மாணவர்களுக்கும் இது அந்நியமான பாடம் அல்ல. சூரியகந்தை, மாத்தளைப் புதைகுழிகள் அவர்களின் மண்ணில் இருக்கின்றன. 2012இல் மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் கிடைத்தன. எம்பிலிப்பிட்டியவில் 1989–90 காலத்தில் காணாமலாக்கப்பட்ட பாடசாலை மாணவர்களின் வழக்கு, அதிபர் ஒருவருக்கும் படையினருக்கும் எதிராக 1999இல் தீர்ப்பை எட்டியது. நம் நீதிமன்றங்களால் முடியாது என்பவருக்கும், முடியும் என்பவருக்கும் அந்த வழக்கில் படிக்க நிறைய இருக்கிறது. கொழும்பு, பேராதனை மாணவர்களும் யாழ்ப்பாண மாணவர்களும் ஒரே மேசையில் மாத்தளையையும் செம்மணியையும் சேர்த்துப் படித்தால், யாருக்கு எதிராக யார் படிக்கிறார்கள் என்ற கேள்வி மெல்லத் தணியும்.

அந்த மேசையில் எந்த மொழி? சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தும் ஒழுங்குவிதியை 2023இல் பாராளுமன்றம் நிராகரித்தது. ஆங்கிலம் வேண்டும் என்றவர்களின் வாதத்தில் பொருள் உண்டு. தென்னாபிரிக்கத் தீர்ப்பை நேராகப் படிக்காமல் ஒப்பீடு செய்ய முடியாது. தாய்மொழி வேண்டும் என்றவர்களின் வாதத்திலும் பொருள் உண்டு. கட்சிக்காரர் தன் துயரைச் சொல்வது தமிழிலோ சிங்களத்திலோதான். முல்லைத்தீவில் தமிழில் பதிவான வழக்கேடு மேன்முறையீட்டுக்குக் கொழும்பு போகும்போது மொழிபெயர்ப்புக்காகக் காத்துக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் படிக்கவும், இரண்டு தேசிய மொழிகளிலும் கட்சிக்காரரின் பேச்சைக் கேட்டு எழுதவும் பழகிய சட்டத்தரணிகளை உருவாக்குவது இரு தரப்புக்கும் பொதுவான நன்மை. ஆரம்பத்தில் எல்லாரும் மூன்றிலும் தேற வேண்டியதில்லை. ஒரு சிங்கள மாணவரும் ஒரு தமிழ் மாணவரும் இணைந்து ஒரே கோப்பில் வேலை செய்தால் போதும்.

இனி, குடும்பங்கள் எழுப்பிய கேள்விக்கு. மாணவர்கள் அவர்களிடம் புதிதாகச் சாட்சியம் கேட்கக் கூடாது. இது எழுதப்பட்ட விதியாகவே இருக்க வேண்டும். ஏற்கெனவே சொன்னவை ஆணைக்குழு அறிக்கைகளில் இருக்கின்றன; அவற்றைப் படித்துவிட்டு வருவது மாணவரின் கடமை. அவர்கள் போகும்போது ஒரு வேலையோடு போக வேண்டும். 8ஆம் பிரிவு விண்ணப்பம் எழுதுவது, காணக்கிடைக்காமைச் சான்றிதழுக்கான ஆவணங்களை ஒழுங்கு செய்வது, இழப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராததைத் தொடர்ந்து கேட்பது. தகுதி பெற்ற சட்டத்தரணி ஒருவரின் மேற்பார்வையும் கையொப்பமும் இன்றி எதுவும் வெளியே போகக் கூடாது. கேட்டது வகுப்பறைக்கு வெளியே கசியக் கூடாது. இவை நீதியின் இடத்தை நிரப்பிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. பொறுப்புக்கூறலைக் கோரும் குடும்பம் அந்தக் கோரிக்கையை ஓர் எழுத்தும் விட்டுக்கொடுக்காமலே காணிப் பிரச்சினைக்கு இந்த உதவியைப் பெறலாம்.

இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. மாவட்டங்களில் அதற்கு அலுவலகங்கள் உள்ளன. பல்கலைக்கழகங்களில் சட்ட உதவி நிலையங்கள் நடத்திய அனுபவமும் இருக்கிறது. இவை இரண்டும் சேர்ந்து, விடுமுறைக் காலத்தில் தெற்கின் மாணவர்களை முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும், வடக்கின் மாணவர்களை மாத்தளைக்கும் எம்பிலிப்பிட்டியவுக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு மாவட்டச் சட்டத்தரணிகள் சங்கமும் மேற்பார்வைக்குச் சிலரை ஒதுக்கினால் போதும். தங்கள் அலுவலகத்தில் இளையவர்களுக்குத் தொழில் பழக்கும் மூத்தவர்களுக்கு இது சுமையாக இருக்காது என்று நம்புகிறோம். வழக்குரை வரையத் தெரியவில்லை என்ற அவர்களின் குறைக்கு இதைவிட நல்ல மருந்தும் இல்லை. நீதிபதிகள் மாணவர்களைத் திறந்த நீதிமன்றத்தில் அமர்ந்து குறிப்பெடுக்க அனுமதிக்கலாம். கிராம அலுவலர்கள் யாருக்கு எந்த ஆவணம் குறைகிறது என்று சொல்லலாம்.

பெற்றோரின் கேள்விக்கும் இங்கே விடை உண்டு. காணி, சான்றிதழ், மரபுரிமை வழக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் இன்னும் ஒரு தலைமுறைக்குத் தீராது. அவற்றை அறிந்த சட்டத்தரணிக்கு வேலை இல்லாமற்போகாது.

பத்திரிகைகளுக்கும் பங்கு இருக்கிறது. காணாமற்போனோர் பற்றிய செய்தியை ஆண்டு நினைவு நாளில் மட்டும் எழுதும் வழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ளலாம். எந்தச் சட்டத்தில் எந்தக் காலக்கெடு எப்போது முடிகிறது, எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்பதை வாரந்தோறும் ஒரு பத்தியில் வெளியிடலாம். எழுதித் தர மாணவர்கள் இருப்பார்கள். சரிபார்க்க அவர்களின் ஆசிரியர்கள் இருப்பார்கள்.

அடுத்த கல்வியாண்டுக்குப் பாடத்திட்டம் திருத்தும் வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சொத்துச் சட்ட விரிவுரையாளர் ஒருவர் ஒரு வாரத்து வகுப்பை 1871ஆம் ஆண்டு விதிக்கும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் ஒதுக்கலாம். குடும்பச் சட்ட விரிவுரையாளர் 8ஆம் பிரிவையும் ஆர்ஜென்டீனாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அருகருகே வைக்கலாம். சாட்சியச் சட்டம் கற்பிப்பவர் ஒரு சட்ட வைத்திய அதிகாரியை வகுப்புக்கு அழைக்கலாம். அழைத்தால் வருவார்கள்.